பிள்ளைப் பிணியின் வேரைத் தேடியவர்

டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் வாழ்க்கை



ஒரு வீட்டிலே பிள்ளை பிறக்கின்றது. பாங்கு ஓதப்படுகின்றது, பெயர் சூட்டப்படுகின்றது, உற்றார் உறவினர் வந்து வாழ்த்திச் செல்கின்றனர். மாதங்கள் கழிகின்றன. அண்டை வீட்டுப் பிள்ளை தவழ்கின்றது. இப்பிள்ளைக்கோ தலை நிற்கவில்லை. அப்பிள்ளை கூப்பிட்ட திசையில் திரும்புகின்றது, இது திரும்பவில்லை. கால்கள் விறைத்து நிற்கின்றன. வாய் பேச்சற்று இருக்கின்றது. பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணேறு என்பர். ஜின்னின் தீண்டுதல் என்பர். தாயத்துக் கட்டுவர். எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. பெற்ற தாயின் குற்றமே பிள்ளையின் தலையில் விடிந்தது என்று, வாய் கூசாமல் பேசும் உறவினரும் உண்டு.

சிந்தித்துப் பாருங்கள். பிள்ளையின் மூளையிலும் நரம்பிலும் தெரிகின்ற நோய்க்கு, வேர் அந்த மூளையிலேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூரையில் நீர் ஒழுகும் இடம் ஒன்றாகவும், ஓடு உடைந்த இடம் வேறொன்றாகவும் இருப்பதை நாம் வீட்டிலேயே கண்டிருக்கின்றோம். அதுபோலவே, உடல் முழுவதையும் பற்றிய ஒரு குறை, கழுத்திலுள்ள ஒரு சிறு சுரப்பியின் குறை, தாய் உண்ட உணவின் குறை, ஆகியவை பிள்ளையின் அறிவிலும் செவியிலும் காலிலும் வந்து வெளிப்படுவதுண்டு. இவ்வுண்மையைக் கண்ணால் கண்டு, எண்ணிக்கையிட்டு, உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன். அவர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியை நம் தமிழ் மண்ணிலே, நீலகிரியின் குன்னூரிலே கழித்தவர்.

அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். அயர்லாந்தில் பிறந்த வெள்ளையர். எனினும் அறிவு எவரிடம் இருப்பினும் அதனைத் தேடிப் பெறுவது நம் முன்னோர் சென்ற வழியாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் ராஸியின் பெயரால், குழந்தைகளின் நோய்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் வழங்கி வந்தது. அது லத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பிய மருத்துவர்களின் கைகளில் நெடுநாள் இருந்தது. அன்று கிழக்கிலிருந்து மேற்கே சென்ற அறிவின் ஒரு கிளை, மெக்காரிசன் போன்றோர் வாயிலாக மீண்டும் கிழக்கே வந்தது என்று கொள்வோம். மேலும், அவர் முதன்முதலில் ஆராய்ந்த பிள்ளைகளும், கழலை தாங்கிய அவர்தம் தாய்மாரும் முஸ்லிம் மலைநாட்டு மக்களே ஆவர்.

மலைநாட்டுக்குச் சென்ற இளைஞர்

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரிலே மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 23.

வடமேற்கு எல்லையிலே, இந்துகுஷ் மலைகளுக்கு இடையிலுள்ள சித்ரால் என்னும் பள்ளத்தாக்கில் காவல் இருந்த படைக்கு மருத்துவராக அவர் அனுப்பப்பட்டார். அங்கே படைவீரர்களை வாட்டிய மூன்று நாட் காய்ச்சலை ஆராய்ந்து, அதனை மணல் ஈக்களோடு தொடர்புபடுத்தினார். பின்னர் கில்கித் பகுதியின் மருத்துவராக நியமனம் பெற்றார். 1904 முதல் ஏறக்குறைய ஏழாண்டுகள் அவர் அங்கே பணியாற்றினார். இவ்விரு பகுதிகளும் இன்று பாகிஸ்தான் நாட்டின் ஆளுகையில் உள்ளன.

அக்காலத்தில் அங்கே சாலைகள் இல்லை, பெரிய மருத்துவமனை இல்லை, ஆராய்ச்சிக்கூடமும் இல்லை. குதிரை மீதும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைப் பார்த்தார். அவ்வாறு சென்ற இடங்களிலெல்லாம் அவர் கண்ணில் பட்டவை இரண்டு. ஒன்று, ஆண் பெண் பலரின் முன்கழுத்தில் தொங்கிய கழலை. மற்றொன்று, அதே ஊர்களில் செவிடராகவும் ஊமையராகவும் நடை தளர்ந்தும் அறிவு மழுங்கியும் கிடந்த பிள்ளைகள்.

எட்டு ஊர்களும் ஒரு வாய்க்காலும்

கில்கித் என்பது அக்காலத்தில் எட்டுச் சிற்றூர்களின் தொகுதி. மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் நீர், மேலேயுள்ள ஊரைத் தொட்டு, அடுத்த ஊரைத் தொட்டு, இறுதியில் கீழேயுள்ள ஊரை வந்தடையும். மேல் ஊரின் அழுக்கெல்லாம் கீழ் ஊரின் குடிநீரில் சேரும். மெக்காரிசன் வீடு வீடாகச் சென்று எண்ணினார். மேலேயுள்ள ஊரில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்குக் கழலை இருந்தது. கீழே வர வர அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து, கடைசி ஊரில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர் என்ற அளவை எட்டியது.

நீரிலே ஏதோ இருக்கின்றது என்று அவர் முடிவு செய்தார். அதைப் பிறர் மீது சோதிப்பதோடு நில்லாமல் தம் உடலிலேயே சோதித்தார். கழலை மிகுந்த ஊரின் நீரை வடிகட்டி, அதில் தங்கிய வண்டலைத் தாமும், மனமுவந்து முன்வந்த சிலரும் பல நாட்கள் தொடர்ந்து அருந்தினர். வேறு சிலருக்கு அதே வண்டலைக் காய்ச்சிக் கொடுத்தார். காய்ச்சாததை அருந்தியவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கிற்று. மருத்துவரின் கழுத்தும் வீங்கிற்று. காய்ச்சியதை அருந்தியவர்களுக்கு அவ்வாறு நேரவில்லை. பிறர் பிள்ளைகளின் நோய்க்காகத் தம் கழுத்தை நீட்டிய மனிதரை நாம் மதிக்காமல் இருக்க இயலுமோ?

203 பிள்ளைகள்

1908ஆம் ஆண்டில், லண்டனிலிருந்து வெளிவரும் புகழ்மிக்க மருத்துவ ஏடான லான்செட்டில், சித்ரால், கில்கித் பள்ளத்தாக்குகளில் தாம் கண்ட 203 பேரைப் பற்றி மெக்காரிசன் எழுதினார. கழலை மிகுந்த நாடுகளில் பிறவியிலேயே அறிவும் உடலும் குன்றிப் பிறப்போரின் நிலையை மருத்துவ நூல்கள் கிரெட்டினிசம் என்று வழங்கும். அதுவரை மருத்துவர் பெரும்பாலோர் அதனை ஒரே நோயாகவே கருதி வந்தனர். மெக்காரிசனோ அதில் இருவகை உண்டு என்று பிரித்துக் காட்டினார்.

ஒருவகைப் பிள்ளைகள் குள்ளமாக இருப்பர். முகம் ஊதியிருக்கும், தோல் உலர்ந்து தடித்திருக்கும், அசைவிலே மந்தம் இருக்கும். மற்றொரு வகைப் பிள்ளைகளுக்கோ உடல் வளர்ச்சி பெரிதும் குன்றுவதில்லை. ஆனால் செவி கேளாது, பேச்சு வாராது, கண் மாறியிருக்கும், கால்கள் விறைத்து நடை கோணும், அறிவு வளராது. இவ்வகையை அவர் நரம்பு வகை என்று பெயரிட்டார். அம்மலைநாட்டில் மிகுதியாகக் காணப்பட்டது இந்த நரம்பு வகையே.

அவர் அத்தோடு நிறுத்தவில்லை. பிள்ளையைப் பார்த்த பின் தாயையும் பார்த்தார். அத்தாய்மாரில் கழலை உடையோர் மிகுதியாக இருந்ததைக் கண்டார். பிள்ளையின் நரம்பில் காணும் கேடு, தாயின் கழுத்துச் சுரப்பியில் தொடங்குகின்றது என்று உணர்ந்தார். தாயைக் குற்றவாளியாகக் காணாமல், அவளையும் ஒரு நோயாளியாகக் கண்டதே அவருடைய சிறப்பு. இன்றைக்கும் மருத்துவ நூல்கள் அவர் வகுத்த அந்த இருவகைப் பிரிவை ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பிழைத்த காரணமும் பிழையாத கண்ணும்

வாசகர்களே! வரலாற்றை எழுதுகிறவன் புகழை மட்டும் எழுதக்கூடாது. கழலைக்குக் காரணம் நீரில் கலந்த கிருமியே என்று மெக்காரிசன் நெடுங்காலம் கருதினார். 1913ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் கல்லூரியில் மில்ராய் சொற்பொழிவு ஆற்ற அழைக்கப்பட்டபொழுதும் அக்கருத்தையே வலியுறுத்தினார். பிற்கால ஆராய்ச்சி அதனை ஏற்கவில்லை. மலைநாட்டு மண்ணிலும் நீரிலும் அயோடின் என்னும் பொருள் போதாமையே முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. நீர் அழுக்கைக் கண்டவர், நீரில் இல்லாததைக் காணவில்லை. இருப்பதைக் காண்பது எளிது. இல்லாததைக் காண்பது அரிது அன்றோ!

ஆயினும் அவர் எண்ணிய எண்ணிக்கை பொய்க்கவில்லை. அவர் விவரித்த பிள்ளைகளின் நிலை பொய்க்கவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் கேடு என்ற கருத்தும் பொய்க்கவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தமையால், அவருக்குப் பின்வந்தோர் காரணத்தைத் திருத்திக் கொள்ள முடிந்தது.

அந்தக் காரணத்தைச் சற்று விளக்குவோம். முன்கழுத்திலே வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு என்னும் சுரப்பி உள்ளது. அது தன் சுரப்பு நீரைச் செய்வதற்கு அயோடின் இன்றியமையாதது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். கருவுற்ற தாய்க்கு 250 வேண்டும். இது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆயுள் முழுவதற்கும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி அளவே வரும். அது கிடைக்காவிடில், சுரப்பி பாடுபட்டுப் பாடுபட்டு வீங்குகின்றது. அதுவே கழலை.

கருவின் முதல் மாதங்களில் பிள்ளைக்குத் தன் சொந்தச் சுரப்பி வேலை செய்யத் தொடங்குவதில்லை. அப்பொழுது தாயின் சுரப்பு நீரையே அது நம்பியிருக்கின்றது. செவியின் நரம்பும், மூளையும், கால்களை ஆளும் நரம்புப் பாதைகளும் அமைகின்ற காலம் அது. தாய்க்குக் கடுமையான அயோடின் குறை இருப்பின், பிள்ளையின் நரம்புக் கட்டமைப்பு குறைப்படுகின்றது. பிறந்த பின் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் அந்தக் குறை முழுதும் நீங்குவதில்லை. 1966ஆம் ஆண்டில் பப்புவா நியூகினி மலைநாட்டில் தொடங்கிய ஒரு சோதனை இதனை ஐயமற நிறுவியது. கருவுறுவதற்கு முன்பே தாய்மாருக்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசி மூலம் செலுத்தியபொழுது, இத்தகைய பிள்ளைகள் பிறப்பது தடுக்கப்பட்டது. காலம் கடந்து கொடுத்தபொழுது அப்பயன் கிட்டவில்லை.

குன்னூரில் ஓர் ஒற்றை அறை

இனி நம் நாட்டிற்கு வருவோம். நீலகிரி மலையில் குன்னூரிலே 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. 1918ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் ஒற்றை அறை ஒன்றில் மெக்காரிசன் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட நோய் பெரிபெரி.

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, தளர்ந்து, நெஞ்சு படபடத்து, உடல் வீங்கி உயிரைக் குடிக்கும் நோய். அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட நாடுகளில் அது பரவியிருந்தது. ஜாவாத் தீவிலே பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்குக் கால் விளங்காமற் போவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் முன்னரே கண்டிருந்தார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தவிட்டிலுள்ள அந்த உயிர்ச்சத்தைத்தான் இன்று நாம் தயாமின் என்றும், வைட்டமின் பி1 என்றும் அழைக்கின்றோம்.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து வந்தார். புறாக்கள் நிற்க மாட்டாமல் விழுந்தன. கழுத்து பின்னோக்கி வளைந்தது. நரம்பு நோய் என்று அதனை எவரும் கூறிவிடுவர். ஆனால் அவர் இறந்த புறாக்களின் உடலை அறுத்து ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்தார். குடல் கெட்டிருந்தது; சுரப்பிகள் சில சுருங்கியும் சில பருத்தும் இருந்தன. நரம்பில் காணும் நோய், உடல் முழுவதும் பரவிய பட்டினியின் ஒரு முகமே என்று அவர் கண்டார். வயிறு நிறைந்திருக்கையிலேயே உடல் பட்டினி கிடக்க முடியும் என்ற உண்மை அதிலிருந்து தெளிவாயிற்று. 1921ஆம் ஆண்டில் குறைபாட்டு நோய்கள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

1923ஆம் ஆண்டில், செலவைக் குறைக்கின்றோம் என்று அரசு அவருடைய ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டது. ஈராண்டுகள் சென்ற பின்னரே அது மீண்டும் தொடங்கப்பட்டது. 1928இல் அது உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக உயர்ந்தது. அதன் முதல் இயக்குநர் மெக்காரிசனே. அக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயர் பெற்று இன்றளவும் பணியாற்றுகின்றது. குன்னூரின் ஒற்றை அறையில் முளைத்த விதையே அந்த ஆலமரம்.

புழுங்கலரிசியின் பெருமை

அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி எல்லா ஊர்களையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. வடக்கே தெலுங்கு மக்கள் வாழ்ந்த கடலோர மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அது அரிதாகவே இருந்தது. மெக்காரிசன், நாரிஸ் என்னும் தம் துணைவரோடு சேர்ந்து அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்.

இதன் நுட்பம் நம் வீட்டுப் பெரியவர்களின் கைப்பழக்கத்திலேயே இருக்கின்றது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்பொழுது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் உமியும் தவிடும் நீக்கப்பட்டாலும் உள்ளே இறங்கியது நிற்கின்றது. நம் பாட்டிமார் ஆராய்ச்சி செய்யவில்லை; ஆயினும் அவர்கள் அவித்த நெல் பல பிள்ளைகளைக் காத்திருக்கின்றது.

பிள்ளைகளை எவ்வாறு காத்தது என்று கேட்பீர்கள். பாலூட்டும் தாயின் உணவில் தயாமின் இல்லையேல், அவளுடைய பாலிலும் அது குறையும். தாய் நலமாகவே தோன்றக்கூடும், இரண்டு மூன்று மாதப் பிள்ளையோ திடீரென்று பால் மறுக்கும், அழுகையில் ஒலி வராது, மூச்சு முட்டும், வலிப்பு காணும், சில மணி நேரத்தில் உயிர் பிரியும். மெக்காரிசனுக்குப் பின் குன்னூர்க் கூடத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்டும் கிருஷ்ணன் என்பவரும், சென்னை மாகாணத்தின் பெரிபெரிப் பகுதியில் பச்சிளம் பிள்ளைகளின் மரணத்தை ஆராய்ந்து 1941இல் எழுதினர். உரிய காலத்தில் தயாமின் ஊசி போட்டால் அத்தகைய பிள்ளை சில மணி நேரத்திலேயே தேறுவதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

எலிகள் சொன்ன செய்தி

இந்தியாவின் பல்வேறு மக்கள் உண்ணும் உணவு வகைகளை மெக்காரிசன் இளம் எலிகளுக்குத் தனித்தனிக் கூட்டங்களாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடை பெற்றன. பட்டாணியர் உணவை உண்டவை அதற்கு அடுத்து நின்றன. கடைசி இடம் எதற்குத் தெரியுமா? சோறு மிகுந்து, பாலும் கீரையும் குறைந்த சென்னை மாகாணத்து உணவுக்கே. அவ்வெலிகள் பெற்ற எடை 155 கிராம்.

இது சோற்றைப் பழிப்பதன்று. சோறு மட்டுமே என்ற நிலையைப் பழிப்பது. ஒரு குழம்பும் ஒரு கவளச் சோறுமாகப் பிள்ளையின் தட்டு நிற்குமானால், வயிறு நிறையும், உடல் நிறையாது. கில்கித்துக்கு வடக்கே வாழ்ந்த ஹுன்ஸா மக்களின் உடல் உறுதியை அவர் வியந்து எழுதியதும் இதனாலேயே. தானியம், காய்கறி, பழம், பால் என்று எளிய உணவே அவர்களுடையது. பிற்காலத்தில் ஹுன்ஸா மக்களின் ஆயுளைப் பற்றிப் பலர் கட்டுக்கதைகளைப் பரப்பினர். அவற்றை நாம் ஏற்க வேண்டியதில்லை.

மெக்காரிசனுக்கு 1933இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு லண்டனில் உணவும் உடல்நலமும் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த அவர், 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், 82ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைவதற்கு முன்பே, 1956இல், இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தனர். ஒரு பகுதி மக்களுக்கு அயோடின் கலந்த உப்பும், வேறு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவரிடையே கழலை பெரிதும் குறைந்தது. 1962இல் நடுவண் அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1992இல் அத்திட்டம் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவியதாகப் பெயர் மாற்றம் பெற்றது. 2006ஆம் ஆண்டு முதல், அயோடின் கலவாத உப்பை மக்கள் உண்பதற்கென விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

நம் வீடுகளுக்கு

அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் பாகூரிலும் வாழும் சகோதர சகோதரிகள் இவ்விடத்தில் ஒன்று கேட்கக்கூடும். அது மலைநாட்டு நோய் அல்லவா? நமக்குக் கடல் அருகில் இருக்கின்றது, மீன் கிடைக்கின்றது, நமக்கு ஏன் இக்கவலை? கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் தானாகவே போதிய அயோடின் இருப்பதில்லை. மீன் உண்ணும் வீடும் உண்டு, உண்ணாத வீடும் உண்டு. இந்நாட்டின் எந்த மாநிலமும் இக்குறையிலிருந்து முழுதும் விடுபட்டதன்று என்பதே அரசு ஆய்வுகளின் முடிவு. ஆகவே விலை மலிவு என்று உப்பளத்திலிருந்து மூட்டையாக வரும் கல்லுப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள். அதனை மூடிய பாத்திரத்தில், அடுப்பு அனலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். குழம்பு இறக்கும் தறுவாயில் உப்புச் சேர்ப்பது மேலும் நன்று. உப்பை மிகுதியாக உண்ணுங்கள் என்று சொல்லவில்லை. உண்ணும் சிறிதளவு உப்பு அயோடின் உள்ளதாக இருக்கட்டும்.

மணமான பெண்பிள்ளைகள் கருவுற்ற பின்னர் அன்று, கருவுறுவதற்கு முன்பே இதனைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் வீக்கம் இருப்பினும், தைராய்டு மாத்திரை உட்கொண்டு வருபவராயினும், கருவுற்றது தெரிந்தவுடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் அதன் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைராய்டைச் சோதிக்கலாம். பிறவியிலேயே அச்சுரப்பி வேலை செய்யாத பிள்ளைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால், பெரும்பாலும் அது மற்றப் பிள்ளைகளைப் போலவே அறிவோடு வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்த அறிவை மீட்க இயலாது. ஒரு துளி இரத்தத்திற்கு அஞ்சி ஓர் ஆயுளை இழக்கலாமா?

பாலூட்டும் தாய்க்குப் பத்தியம் என்ற பெயரால் வெறுஞ்சோறும் மிளகு நீருமாக நாற்பது நாட்களை ஓட்டாதீர்கள். பருப்பு, கீரை, முட்டை, மீன், பால் ஆகியவற்றை அவளுக்கு ஊட்டுங்கள். அவள் உண்பது இருவருக்கு.

தைராய்டும் தவிடும் மட்டுமல்ல. பிள்ளையின் உடலில் வேறெங்கோ உள்ள நோய் மூளையில் வந்து பேசுவது பலவிதம். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை அளவு கடந்தால் அது மூளையைத் தாக்கிச் செவியையும் நடையையும் கெடுக்கும். கடும் வயிற்றுப்போக்கில் உடலின் உப்பும் நீரும் நிலை மாறினால் வலிப்பு வரும். எலும்பு வலுவற்ற பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் குறைந்தாலும் வலிப்பு வரும். சிறுநீரக நோயால் இரத்த அழுத்தம் ஏறினாலும், நீரிழிவுள்ள பிள்ளைக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் நினைவு தப்பும். இவை அனைத்தும் காலத்தே கண்டால் காக்கக்கூடியவை.

எனவே பிள்ளைக்கு வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் திணிக்காமல், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வழியெல்லாம் துஆச் செய்யுங்கள். அதனை எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஓதிப் பார்ப்பதற்காக ஒரு நாளும், தாயத்துக் கட்டுவதற்காக மறுநாளும் கழியுமானால், அந்த நாட்களுக்கு நாமே பொறுப்பாவோம். நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கின்றான் என்று நம்புகின்ற நாம், மருந்து இருக்கும் வாசலைத் தட்டாமல் இருப்பது முறையன்று.

ஏற்கெனவே குறையோடு பிறந்துவிட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கலாம். அவர்களைப் பெற்ற தாயை நோக்கி ஒரு சொல்லும் கடிந்து பேசாதீர்கள். கில்கித்தின் மண்ணில் அயோடின் இல்லாமற் போனதற்கு எந்தத் தாய் காரணம்? ஆலை அரிசியைத் தீட்டியதற்கு எந்தத் தாய் காரணம்? நூறாண்டுகளுக்கு முன்பே ஓர் அயல்நாட்டு மருத்துவர், கழலை தாங்கிய அந்த ஏழைத் தாய்மாரைக் குற்றஞ்சாட்டாமல், அவர்களிடமே நோயின் வேரைத் தேடினார். நாம் அவர்களுக்குக் கணவராகவும் மாமியாராகவும் நாத்தியாகவும் இருக்கின்றோம். நாம் அவரினும் குறைந்து போகலாகாது.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைக் காப்பது சில சமயம் பெரும் பொருட்செலவில் இல்லை. அடுப்படியிலுள்ள உப்புப் பாத்திரத்திலும், உலையில் இடும் அரிசியிலும், கருவுற்ற பெண்ணின் தட்டிலும் இருக்கின்றது. இன்று ஜும்ஆத் தொழுது வீடு திரும்பியதும், அந்த உப்புப் பொட்டலத்தை எடுத்து, அதில் அயோடின் கலந்தது என்று அச்சிடப்பட்டுள்ளதா என்று ஒருமுறை பாருங்கள். வல்ல இறைவன் நம் பிள்ளைகளை அறிவோடும் நலத்தோடும் வாழச் செய்வானாக!